44 என்று தொடங்கும் நிலம்

இணையத்தில் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு நிலம் இருக்கிறது. ஒரு மூத்த வானொலிக்காரர் இதைச் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நிலம் என்ற சொல் அவருடையது. பின்னர் அதன் கதையைத் தேடிப் படித்தபோது அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஆசைக்காக அலைவரிசையில் பேசுகிறவர்கள். மலேசியாவில் அதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். பிறகு 9டபிள்யூ2, 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 9வி1. உலகம் முழுக்க இவர்களுக்கு ஒரு பொது விதி உண்டு: இதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது. இந்த விதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இணையத்தில் சேரும் கருவிக்கு எண்ணால் ஆன ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் மொத்தமே சுமார் 4.3 பில்லியன் முகவரிகள்தாம். முகவரியில் நான்கு எண்கள் இருக்கும். அவற்றில் முதல் எண் 44 ஆக இருக்கும் 16,777,216 முகவரிகளும் வானொலிக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதாவது மொத்த இணையத்தில் 256இல் ஒரு பங்கு.

இவ்வளவு பெரிய பங்கு எப்படிக் கிடைத்தது? கேட்டார்கள், கொடுத்தார்கள். அவ்வளவுதான். 1981இல் ஹேங்க் மக்னுஸ்கி என்ற அமெரிக்க வானொலிக்காரர் கேட்டுப் பெற்றார். அப்போது எண்களைப் பதிந்து பராமரித்தவர் ஜான் போஸ்டல். சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் இருந்த சிறிய வலையமைப்பு அது. இடம் தீர்ந்துபோகும் என்று யாரும் கவலைப்படாத காலம்.

வானொலிக்காரர்கள் அந்த முகவரிகளைக் காற்றில் பயன்படுத்தினார்கள். கணினி அனுப்பும் தகவலைச் சிறு பொட்டலங்களாக்கி வானொலி வழியே அனுப்புவது அவர்களின் புதுப் பைத்தியம். வேகம் நொடிக்கு 1200 பிட். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தி போய்ச் சேரப் பத்து நொடிக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்ததும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் எல்லாம்.

ஒவ்வொரு நாட்டிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். சம்பளமில்லாத வேலை. அழைப்புக்குறியைச் சொல்லிக் கேட்டால் முகவரி தருவார், கட்டணம் கிடையாது. இந்த நாடுகளின் பட்டியல்களையெல்லாம் சேர்த்துப் பல்லாண்டுகள் கவனித்தவர் பிரையன் கேண்டர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இருந்த ஒரு கணினிதான் இந்த நிலத்துக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் வாசலாக இருந்தது.

நிலத்தின் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. அந்தக் காலியிடமும் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யாரும் குடியில்லாத முகவரிக்குக் கடிதம் வந்தால், அனுப்பியவரிடம்தான் ஏதோ கோளாறு. சான் டியேகோ ஆய்வாளர்கள் அப்படி வந்து விழும் குப்பையைப் பார்த்தே இணையத்தின் நோய்களைக் கண்டுபிடித்தார்கள். 2001இல் 'கோட் ரெட்' என்ற நச்சுநிரல் 14 மணி நேரத்துக்குள் 359,000க்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்ததை இந்த மாதிரிக் காலியிடத்தில் இருந்துதான் எண்ணினார்கள்.

பிறகு காலம் மாறியது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய முறை முகவரிகள் தீர்ந்துபோயின. இலவசமாகக் கிடைத்தது விலைபோகும் பொருளானது. அதே ஆண்டில் 44ஐக் கவனிக்க 'அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ்' என்ற இலாபநோக்கற்ற அமைப்பு பதிவானது. 2019 ஜூலையில் அந்த அமைப்பு ஒரு செய்தியை வெளியிட்டது. நிலத்தில் கால்வாசி, அதாவது 4,194,304 முகவரிகள், அமேசானுக்கு விற்கப்பட்டுவிட்டன. விலை நூறு மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு மேல். விற்ற பிறகுதான் வானொலிக்காரர்களுக்கே தெரியும்.

சண்டை வெடித்தது. "அவங்க பேர்ல எழுதிக் கொடுத்ததா அது? நம்ம எல்லாருக்கும்தானே கொடுத்தாங்க!" என்று ஒரு பக்கம். "சும்மா கிடந்ததை வித்தாங்க, காசும் நமக்குத்தானே வருது" என்று இன்னொரு பக்கம். என்னிடம் நிலம் என்று சொன்ன பெரியவரிடம் கேட்டேன். "வித்தது தப்பில்ல தம்பி. கேட்டிருக்கலாம் லா. கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. முன்கூட்டி அறிவித்திருந்தால் பல நாட்டு வானொலிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருப்பார்கள். அதற்குள் விலை என்ன ஆகியிருக்குமோ! வந்த பணமும் யார் சட்டைப் பைக்குள்ளும் போகவில்லை. கல்வி உதவித்தொகை, திறந்த மென்பொருள், வானொலிச் சங்கங்கள் என்று நிதியாகப் போகிறது. அமெரிக்காவின் எம்ஐடி மாணவர் வானொலிச் சங்கம், கட்டடத்தின் உச்சியில் இருந்த பெரிய அலைவாங்கிக் கூண்டைக் காப்பாற்றிக்கொண்டதும் இந்தப் பணத்தால்தான்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழில் புறம்போக்கு என்றொரு சொல் இருக்கிறது. வரிக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம்: மேய்ச்சல் வெளி, ஏரிக்கரை, சுடுகாடு. எல்லாருக்கும் பொதுவானது. இன்று அதை ஆளைத் திட்டத்தான் பயன்படுத்துகிறோம். ஒருவர் பேரிலும் இல்லாததை ஒன்றுக்கும் உதவாதது என்று நினைக்கப் பழகிவிட்டோம். 44இன் காலியிடத்தையும் 'பயன்படாதது' என்றுதான் சொன்னார்கள். நோய் பார்க்க உதவிய இடம் அது. வருங்காலத்தில் எவனோ ஒரு பையன் எதையோ செய்துபார்க்க விட்டுவைத்த இடமும்கூட. காசு பார்க்கக் கூடாது என்ற விதியின் பேரில் வாங்கிய ஒன்று, கடைசியில் நல்ல காசானது.

பிரையன் கேண்டர் அதே 2019 நவம்பரில் காலமானார். ஒரு ஆள் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சம்பளமில்லாமல் ஒரு பட்டியலைப் பார்த்துக்கொள்வதில் செலவழித்தார். விற்பனையில் அவர் பங்கைப் பற்றி எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த உழைப்பை மறுக்க முடியாது. பொதுச் சொத்து பெரும்பாலும் இப்படித்தான் பிழைக்கிறது, யாரோ ஒருவருடைய பொறுமையில். அந்த ஒருவர் சோர்ந்துபோனாலோ மனம் மாறினாலோ மற்றவர்களுக்குச் சொல்ல உரிமை இருக்கிறதா என்பதை யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை.

மிச்சம் 12,582,912 முகவரிகள் இன்னும் வானொலிக்காரர்களிடம் இருக்கின்றன. உரிமமும் அழைப்புக்குறியும் உள்ளவர் இப்போதும் விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம். தேர்வு அவ்வளவு கஷ்டமில்லை. போய் எழுதுங்கள். நிலத்தில் ஆள் இருந்தால்தான் அடுத்த முறை விற்கும் முன் யாரையாவது கேட்க வேண்டியிருக்கும்.