வேப்பிலையும் தகரமும்

● 2020 மார்ச் 22, ஞாயிறு. கொரோனாவுக்கான மக்கள் ஊரடங்கு நாள். மாலை 5 மணிக்குத் தெருவே வாசலுக்கு வந்து கைதட்டியது. தட்டுச் சத்தம், மணிச் சத்தம், பிள்ளைகளின் விசில். எல்லோர் முகத்திலும் திருவிழாக் களை. அதே மாதம் இத்தாலியில் பால்கனிகளில் நின்று பாடினார்கள். பயம் வந்த புதிதில் மனுஷனுக்கு மனுஷன் முகம்தான் வேண்டியிருக்கிறது.

● அதே வாரம். பஸ் நின்றுபோனதால் கேரள ஏலத்தோட்டங்களிலிருந்து தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்துக்காரர்கள் மலைக்காட்டு வழியே நடந்து இறங்கினார்கள். காட்டுத்தீ மறித்தது. பலியானவர்களில் குழந்தையும் உண்டு. கிருமி தொடாத சாவு. ஆனாலும் நோய்க்காலத்துச் சாவுதான்.

● போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. கேரளாவுக்கு ஏறும் இந்த மூன்று வழிகளையும் அடைத்தால் எங்கள் தேனிப் பக்கத்துக்கு மூச்சு முட்டும். விடியுமுன் ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்குக் கூலியும் போச்சு, வழிநெடுகப் பேசிச் சிரிக்கும் பேச்சும் போச்சு. ‘வீட்டில் இருங்கள்’ என்பது சிலருக்கு ஓய்வு, சிலருக்குப் பட்டினி.

● அம்மை கண்ட வீட்டை நினைத்துக்கொள்கிறேன். நிலையில் வேப்பங்கொத்து. “ஆத்தா வந்திருக்கா” என்று குரல் தாழ்த்திச் சொல்வார்கள். தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வருவதில்லை. பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்கவைப்பார்கள். அக்கம்பக்கத்தார் இளநீரை வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். மூன்று தண்ணி ஊற்றியபின் பிள்ளை தெருவுக்கு வரும். ஒதுக்கம்தான் அது, அவமானம் இல்லை.

● கொரோனாவிலும் அதே ஒதுக்கம்தான். ஆனால் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பல ஊர்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். ‘கொரோனா வீடு’ என்று பெயரானது. குணமாகி வந்தவரைக் கண்டு தெரு கதவைச் சாத்தியது. அந்தப் பெயருக்குப் பயந்தே பலர் காய்ச்சலை மறைத்தார்கள். மறைத்த காய்ச்சல் வீட்டுக்குள்ளேயே பரவியது.

● தேனி அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில். 2020, 2021 இரண்டு சித்திரையிலும் முல்லையாற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துவந்து கோயிலில் நட்ட கம்பத்துக்கு ஊற்றும் கூட்டம் இல்லை. தீச்சட்டி வரிசை இல்லை. நோய் தீர வேண்டிக்கொள்ளும் இடத்தையே நோய் பூட்டியது. நேர்ந்துகொண்டவர்களுக்கு அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேறு இடமில்லை. 2022-இல் திருவிழா மீண்டும் கூடியது.

● பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலை இல்லை. மருந்தை ஆஸ்பத்திரி தரட்டும். நோயாளியை மரியாதையாக ஒதுக்கிவைக்க நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நோய் வரும்போது பக்கத்து வீட்டு வாசலில் ஒரு இளநீரை வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.