கிட்னி தர ஆள் வந்தாச்சு, ஆனா...

எங்க தெரு அண்ணாச்சியைத் தென்காசிக்காரங்க பார்த்திருப்பீங்க. குற்றாலம் சீசனில் பழக்கடை போடுவார். இப்போ ரெண்டு கிட்னியும் செயலிழந்து, வாரம் மூணு தடவை டயாலிசிஸ். மதினிக்குச் சர்க்கரை வியாதி, தர முடியாது. அண்ணாச்சி பி குரூப், அவர் தம்பி ஏ குரூப். சேரலை.

அப்போதான் பக்கத்துக் கடைக்காரர் "நான் தாரேன்"னார். தெருவுக்கே சந்தோஷம். ஆனா 1994 சட்டப்படி, நெருங்கிய உறவினர் இல்லாதவர் தர அங்கீகாரக் குழுவின் அனுமதி வேணும். பாசத்தால்தான் தர்றார், பணம் கைமாறலைன்னு குழு நம்பணும்.

"நல்லது செய்ய வர்றவனுக்கு எதுக்கு விசாரணை?"ன்னு பலருக்குக் கோபம். காரணம் இருக்கு. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்'னே பேர். சட்டம் வந்த பிறகும், எர்ணாவூரில் சுனாமியில் வாழ்விழந்த பெண்கள் கிட்னி விற்றது 2007-ல் வெளியே வந்தது. வறுமையும் கடனும்தான்.

எங்க தெருவிலும் கடன் இருந்தது! அந்தக் கடைக்காரர் அண்ணாச்சியிடம் கைமாத்து வாங்கியவர். அண்ணாச்சியே மறுத்துட்டார். "கடனைக் கிட்னியிலயா அடைக்கது? வேண்டாம்வே."

இன்னொரு வழி இருக்கு நண்பர்களே. 2011 சட்டத் திருத்தம் மாற்றுத் தானத்தை அனுமதிக்குது. ஏ குரூப் நோயாளி, அவருக்குத் தர முன்வந்த பி குரூப் உறவினர்... இப்படி ஒரு குடும்பம் கிடைச்சு, மற்ற பரிசோதனைகளும் பொருந்தினா, தம்பி கிட்னி அங்கே, அவங்க கிட்னி இங்கே. இதற்கும் குழு அனுமதி உண்டு. விலை பேச்சே கிடையாது.

தம்பி பெயரை ஆஸ்பத்திரியில் பதிஞ்சாச்சு. "பொருந்தலை"ன்னு உங்க வீட்டிலும் யாரையாவது ஒதுக்கி வச்சிருந்தா, டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்க.