நாற்பது தவ்

சென்னை புதுப்பேட்டையில், உதிரிபாகக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ரீபோர் பட்டறை. நான் போனபோது, காஸ்டிக்கில் ஊறவைத்துக் கழுவிய ஓர் அம்பாசிடர் பெட்ரோல் பிளாக் மேசைமேல் இருந்தது. வண்டிக்காரரும் பக்கத்தில் நின்றார். ஆயில் குடிக்கிறது, நீலப் புகை தள்ளுகிறது என்று இன்ஜினை இறக்கியிருக்கிறார்.

"போர் போட்டா எத்தனை சிசி ஆகும் மேஸ்திரி? இழுவை கூடுமா?"

"சிசியை அப்புறம் பாப்போம் சார். மொதல்ல எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாப்போம்."

ரீபோர் என்றாலே பலருக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஆனால் ரீபோர் செய்வது சிசியைக் கூட்டுவதற்காக அல்ல. வட்டம் கெட்ட துளையை மறுபடி வட்டமாக்குவதற்காக. சிசி கூடுவது அதன் விளைவு மட்டுமே. அப்படியும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பிளாக்கில் இதுவரை எவ்வளவு இரும்பு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு போகலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

மேஸ்திரி என் விரலைப் பிடித்து மூன்றாவது சிலிண்டரின் வாய்க்குள் விட்டார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு திட்டில் தட்டியது. மேல் ரிங் ஏறி வந்து திரும்பும் இடம் அது. வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் அதிகம், எண்ணெயோ குறைவு. ரிங் உரசும் பகுதி தேய்ந்துவிட, அது எட்டாத மேல்விளிம்பு அப்படியே திட்டாக நின்றுவிடுகிறது. கனெக்டிங் ராட் சாய்ந்து பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாகத் தேய்கிறது. துளை மேலே அகன்றும் கீழே குறுகியும் போவதோடு, வட்டமும் நீள்வட்டமாகிவிடுகிறது.

போர் கேஜை இறக்கி மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில் அளந்தார். ஒவ்வொரு ஆழத்திலும் கிராங்குக்கு நேராக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. உதவிக்கு நின்ற பையன் அளவுகளை பிளாக்கின் மேலேயே சாக்பீஸால் எழுதினான். பட்டறையில் எல்லா அளவும் தவ்தான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய பிஸ்டனின் தலையில் இருந்த கரியைச் சுரண்டியதும் 020 என்ற எண் தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை 20 தவ் போர் போட்ட இன்ஜின். மூன்றாவது சிலிண்டர் அதற்கு மேல் 11 தவ் தேய்ந்திருந்தது. மற்ற மூன்றிலும் தேய்மானம் அதைவிடக் குறைவு.

"முப்பது போதாது. தேஞ்ச இடம் அதைத் தாண்டிடுச்சு. நாப்பதுக்குத்தான் போகணும்."

"தேஞ்சது ஒண்ணுதானே, மத்த மூணை ஏன் வெட்டணும்?" என்று கேட்டேன்.

"நாலு பிஸ்டனும் ஒரே சைஸ், ஒரே எடை இருக்கணும் தம்பி. ஒண்ணு கெட்டா மத்த மூணும் அதுக்காக வெட்டுப்படணும்."

பிறகு கணக்குக்கு வந்தோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, விட்டத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி நான்கால் வகுத்து, ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் வரும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அந்த நான்கும் இந்த நான்கும் அடிபட்டுப் போகும். விட்டத்தின் வர்க்கம், ஸ்ட்ரோக், பை மூன்றையும் பெருக்கினால் போதும். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. சென்டிமீட்டரில் போட்டால் 1489 சிசி. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதுவே. 20 தவ் ஓவர்சைஸில் விட்டம் 73.533 ஆகிறது, 1510 சிசி. வண்டிக்காரர் இத்தனை காலம் தெரியாமலே 1510 ஓட்டியிருக்கிறார். இப்போது 40, விட்டம் 74.041, கொள்ளளவு 1531 சிசி.

இங்கே இரண்டு இடத்தில் கணக்குத் தவறும். 40 தவ் என்பது விட்டத்தில் கூடும் அளவு. சுவரில் ஒரு பக்கத்துக்கு 20தான். 40ஐ அப்படியே ஆரத்தோடு கூட்டினால் விடை எங்கோ போய்விடும். கிராங்கை கிரைண்டிங் செய்தால் ஸ்ட்ரோக் மாறும் என்று நினைப்பதும் தவறு. மையம் மாறாமல் ஜர்னலை மட்டும் சிறிதாக்கினால் ஸ்ட்ரோக் அப்படியே இருக்கும்.

ஸ்டாண்டர்ட் போரோடு ஒப்பிட்டால் விட்டம் 1.4 சதவீதம் கூடியிருக்கிறது, கொள்ளளவு 2.8 சதவீதம். வர்க்கம் என்பதால் இரட்டிப்பு. அழுத்த விகிதமும் சற்று ஏறும்: 7.2 என்று வைத்துக்கொண்டால், எரியறை மாறாதபோது ஏறக்குறைய 7.4. ஆனால் வண்டியில் உணரப்போகும் இழுவை இந்தக் கூடுதல் சிசியால் வருவதல்ல. ரிங் மறுபடி சுவரோடு ஒட்டி, கசிந்துகொண்டிருந்த அழுத்தம் நிற்பதால் வருவது.

புது பிஸ்டன்களை மைக்ரோமீட்டரில் அளக்காமல் மேஸ்திரி போரில் கை வைப்பதில்லை. பிஸ்டனுக்குத்தான் துளை. அது சூட்டில் விரிய இடம் விட்டு, ஹோனிங்குக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார். போரிங் பாரை பிளாக்கின் மேல் இறுக்கி, சிலிண்டரின் தேயாத அடிப்பகுதியைப் பிடித்து சென்டர் எடுக்கிறார். தேய்ந்த இடத்தில் எடுத்தால் துளையே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். முதல் வெட்டில் டூல் ஒரு பக்கம் மட்டும் இரும்பைத் தொட்டது. சத்தம் விட்டுவிட்டு வந்தது. வெட்டு வட்டம் முழுக்கப் பரவியதும் சத்தம் சீரானது. முகத்தைத் திருப்பாமலே, "இப்ப வட்டம் வந்துடுச்சு" என்றார்.

ஹோனிங் கல் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும். கண்ணாடிபோல் மின்னும் சுவரில் ரிங் படியாது. கடைசியில் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார்கள். துணி கறுத்தால் மறுபடி கழுவு. மிச்சமிருக்கும் கல்தூள் புது ரிங்கைத் தின்றுவிடும்.

இந்த பிளாக்குக்கு இனி என்ன வழி? 60 தவ் வரை போகலாம். அப்போது 1552 சிசி. ஆனால் தண்ணீர் ஓடும் பக்கம் துரு சுவரைத் தின்றிருக்கலாம். வார்ப்பில் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் அமைவதும் இல்லை. அந்த அளவுக்குப் போகாமல், பெரிதாகக் குடைந்து ஸ்லீவ் இறக்கி, பழைய ஸ்டாண்டர்டுக்கே போர் போடலாம். அப்போது இன்ஜின் மறுபடி 1489 ஆகிவிடும்.

உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது என்றால், அதற்குக் காரணம் இந்தப் பட்டறைகள். பூச்சு பூசிய அலுமினியச் சிலிண்டர்களோடு வரும் இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் இந்த வேலைக்கு இடமில்லை. வரும் பிளாக்குகள் குறைகின்றன. சூத்திரத்தை எந்தப் பாடநூலிலும் படித்துக்கொள்ளலாம். சத்தத்தை வைத்து வட்டம் வந்ததைச் சொல்லும் காது, 40 போதும், 60 வேண்டாம் என்று நிறுத்தத் தெரிந்த கணிப்பு, இவை பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். ஐ.டி.ஐ.களில் படிக்கும் பிள்ளைகளை இந்த மேஸ்திரிகளிடம் சில மாதமாவது பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அதற்கு மேஸ்திரிகளுக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் தர வேண்டும்.