கூடாரத்தில் கிடைத்த ஓய்வு

விடுமுறை என்றால் யாருக்கு விடுமுறை? ஊட்டிக்குப் போனாலும் சரி, ராமேஸ்வரம் போனாலும் சரி, கட்டுச்சோறு கட்டுவதில் ஆரம்பித்து, திரும்பி வந்து மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி துவைப்பது வரை நம் தலையில்தான். மற்றவர்கள் ஊரைப் பார்ப்பார்கள். நாம் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்! இதைப் படிக்கிற சகோதரிகள் எத்தனை பேர் 'ஆமாம், ஆமாம்' என்று தலையை ஆட்டுகிறீர்களோ!

சென்ற ஜூலையில் ஸ்காட்லாந்து நாட்டில், மலையடிவாரத்துக் கூடாரம் ஒன்றில் இரண்டு இரவும், வசதியான மரக்குடில் ஒன்றில் இரண்டு இரவும் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்த இரண்டில் எது பெண்களுக்கு ஓய்வு தந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் தங்கை கிளாஸ்கோ நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒன்பது வயதில் பெண்ணும், நாலு வயதில் பையனும். அங்கே ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் ஆகஸ்டு நடுவில்தான் திறக்கிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னை வரவழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் தங்கை துரும்பாக இளைத்திருந்தாள்! வாரத்தில் மூன்று நாள் இரவு டியூட்டி. காலையில் வந்து படுத்தால் குழந்தைகள் சத்தம், சமையல், துணி. "எனக்கு ஊரெல்லாம் பார்க்க வேண்டாம் அக்கா. நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினால் போதும்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதற்காகத்தான் அவள் கணவர் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். "முதல் இரண்டு நாள் கேம்பிங், அடுத்த இரண்டு நாள் க்ளாம்பிங்" என்றார். கேம்பிங் என்றால் கூடாரம் அடித்துத் தங்குவது. அது என்ன க்ளாம்பிங்? 'க்ளாமர்' என்பதையும் 'கேம்பிங்' என்பதையும் ஒட்டுப் போட்டு உண்டாக்கிய வார்த்தையாம். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது! காட்டோரமாகத்தான் தங்குவோம், ஆனால் கட்டில், மெத்தை, மின்விளக்கு, ஹீட்டர் எல்லாம் இருக்கும். மங்கோலியர்களின் வட்டக் கூடாரம் போல ஒன்று, ஆட்டிடையர்கள் தங்கிய சக்கர வண்டி போல ஒன்று, 'பாட்' என்கிற சிறு மரக்குடில் என்று பல தினுசு உண்டு.

கூடாரம் போடுவதில் ஸ்காட்லாந்துக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. 2003-ல் இயற்றி 2005-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மலை, காடு, ஏரிக்கரை என்று பெரும்பாலான திறந்த வெளிகளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சின்னக் கூடாரம் போட்டுத் தங்கலாம். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வீடுகளுக்கும் சாலைக்கும் பக்கத்தில் போடக் கூடாது. பயிர் நிற்கிற, ஆடுமாடு மேய்கிற வேலி போட்ட வயலில் போடக் கூடாது. ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது. கிளம்பும்போது குப்பையோ தடயமோ இருக்கக் கூடாது. லோமண்ட் ஏரி இருக்கும் தேசியப் பூங்காவில் மட்டும், 2017 முதல், மார்ச் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரை சில கரைப்பகுதிகளில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நாங்கள் குழந்தைகளோடு போனதால், குளியலறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள கட்டணக் கூடார மைதானத்தையே பிடித்தோம்.

லோமண்ட் ஏரிக்கரை ஓரமாகவே போய், ரானக் மூர் என்ற சதுப்பு வெளியையும் கிளென்கோ பள்ளத்தாக்கையும் கடந்து, கிளென் நெவிஸ் என்ற இடத்தில் இறங்கினோம். பென் நெவிஸ் மலையின் அடிவாரம் அது. பிரிட்டனிலேயே உயரமான மலை; 1,345 மீட்டர். நம் தொட்டபெட்டாவில் ஏறக்குறைய பாதிதான்! ஆனாலும் தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு அது நிற்கிற கம்பீரம் இருக்கிறதே!

ரசிக்க நேரமில்லை. மேகம் திரண்டு வந்தது. மழைக்கு முன்னால் கூடாரம் எழும்பியாக வேண்டும். தங்கை கணவர் கம்பிகளைக் கோத்தார். நான் துணியை இழுத்துப் பிடித்தேன். பெண் முளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, தங்கை அடித்தாள். நாலு வயதுப் பொடியன் கூடச் செருப்புகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தான். யாரும் யாரையும் ஏவவில்லை.

அதற்குப் பிறகும் அப்படியேதான் நடந்தது. கூடாரத்தில் அடுக்களை என்று ஓர் இடம் கிடையாது. அடுப்பு வெளியே புல்வெளியில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் நூறடி தள்ளி இருக்கிறது. 'அது அம்மாவின் இடம்' என்று விட்டுவிட்டுப் போக வழியில்லை. பெண் தண்ணீர் பிடித்து வந்தாள். நான் ஊரிலிருந்து வறுத்து எடுத்துப் போன ரவையில் ஒரே பாத்திரத்தில் உப்புமா கிளறினேன். தங்கை கணவர் பாத்திரங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு பொதுத் தொட்டிக்குப் போனார். கூடவே போய்ப் பார்த்தேன். அங்கே தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஆண்கள்! தங்கையோ மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

ஜூலையில் அங்கே இரவு பத்து மணி வரை சூரியன் இருக்கிறது. விடிகாலை ஐந்துக்குள் மறுபடி வெளிச்சம். குழந்தைகளுக்குத் தூக்கம் வர வேண்டுமே! தங்கை தன் பகல் தூக்கத்துக்காக வைத்திருக்கும் கண்பட்டைகளை ஆளுக்கொன்று மாட்டிவிட்டாள்.

மறுநாள் மாலை பிடித்தது பாருங்கள் மழை! குளிரும் கூடவே வந்தது. பையன் வெடவெடவென்று நடுங்கினான். தங்கை கணவர், "அடுப்பை உள்ளே வைத்துப் பத்து நிமிஷம் ஏற்றினால் கூடாரம் சூடாகிவிடும்" என்று தூக்கினார். அதுவரை வாயே திறக்காத தங்கை, "வேண்டாங்க! வெளியே வையுங்க!" என்று போட்ட சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டுவிட்டோம்.

காரணத்தைப் பிறகு விளக்கினாள். கேஸ் அடுப்போ, கரி அடுப்போ, மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராண வாயுவை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூக்கத்தில் இருந்தால் அதுவும் தெரியாமல் உயிர் போய்விடும். அணைந்தது போலத் தெரிகிற கரி அடுப்பும் வாயுவைக் கக்கிக்கொண்டுதான் இருக்குமாம். கூடாரத்துக் கதவைத் திறந்து வைத்தாலும் நம்பக் கூடாதாம். பையனுக்கு ஈரத் துணியை மாற்றி, கம்பளிச் சட்டை, காலுறை, குல்லாய் போட்டு, வெந்நீர் ரப்பர் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்தாள். கால் மணியில் நடுக்கம் நின்றது. மேலே எத்தனை போர்த்தினாலும் தரையின் குளிர் கீழிருந்து இழுத்துவிடும். எனவே அடியில் தடித்த விரிப்பு போடுவதுதான் முக்கியம் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் கிழக்கே ஏவிமோர் ஊர்ப் பக்கம் போனோம். கெய்ர்ன்கார்ம் மலைகளின் அடிவாரம். பைன் காட்டோரமாக எங்கள் மரக்குடில். உள்ளே மெத்தென்ற கட்டில், ஹீட்டர், சொந்தக் குளியலறை. அப்பாடா என்றிருந்தது! முழங்கால் வலிக்காரியான எனக்கு, தரையிலிருந்து கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டாம் என்பதே பெரிய சுகம். வாடகை என்னவோ கூடாரத்தைப் போல மூன்று மடங்கு!

மூலையில் ஒரு குட்டிச் சமையல் மேடை. மின்சார அடுப்பு, ஃபிரிட்ஜ், கெட்டில், தட்டு, டம்ளர் எல்லாம் அடுக்கியிருந்தன. கொஞ்ச நேரத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? தங்கை கணவர் கட்டிலில் சாய்ந்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார். பெண் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். நானும் தங்கையும் எங்களை அறியாமலே மேடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டோம். அடுப்பு இருக்கிறதே என்று சாதம், சாம்பார், அப்பளம். அத்தனை பாத்திரமும் அவள் கையில். முதல்நாள் குழாயடியில் பாத்திரம் தேய்த்த மனிதர்தான் அவர், கெட்டவரும் இல்லை. வீடு மாதிரி ஓர் இடம் கிடைத்ததும் எல்லோரும் வீட்டில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரவு பத்தரைக்குத் தொட்டியைத் துடைத்துவிட்டுத் தங்கை சொன்னாள்: "அக்கா, வீட்டிலேர்ந்து தப்பிச்சு இன்னொரு வீட்டுல வந்து மாட்டிக்கிட்டோம்!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணில் தண்ணீர்.

மறுநாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். ஆஸ்பத்திரியில் போடுவது போல ஓர் அட்டையில் டியூட்டி சார்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். காலை டீ: அப்பா. தண்ணீர், தட்டு: பெண். செருப்பு வரிசை: பையன். மதியச் சமையல், ஒரே பாத்திரம்: பெரியம்மா. பாத்திரம் தேய்ப்பது: அப்பா. தன் பெயருக்கு நேரே 'ஓய்வு' என்று மூன்று வேளையும் எழுதியிருந்தாள்! அவள் கணவர் அதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு கெட்டிலில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அன்று மார்லிக் ஏரிக்குப் போனோம். மலைக்கு நடுவே கடற்கரை போல மணல். குழந்தைகள் மணலில் கோட்டை கட்ட, தங்கை கண்பட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினாள். அந்த அட்டை இப்போது கிளாஸ்கோ வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. தினமும் சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். இரவு டியூட்டி முடிந்து வருகிற நாட்களில் மட்டும் தவறுவதில்லையாம்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* 'மிட்ஜ்' என்ற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி மே முதல் செப்டம்பர் வரை கூட்டமாக வந்து கடிக்கும். காற்றில்லாத காலையிலும் மாலையிலும் தொல்லை அதிகம். மேற்குப் பக்கத்தில் ரொம்ப அதிகம். காற்று வீசினால் ஓடிவிடும். வெளிர் நிறத்தில் முழுக்கை உடை, தலைக்கு வலை, பூச்சித் தைலம் தேவை.

* புல்லில் நடந்து வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று குழந்தைகளின் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம் எல்லாம் தினமும் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், நசுக்காதீர்கள். பிறகு சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமோ, காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 'லைம்' நோயாக இருக்கலாம், மருந்தில் குணமாகும்.

* பருத்தி உடை நனைந்தால் காயாது, குளிரும். கம்பளி நல்லது. புடவையை மரக்குடிலில் கட்டிக்கொள்ளலாம்.

* வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்து மாவு எடுத்துப் போங்கள். இறைச்சி, பால் சேர்ந்த பண்டங்களை நம் ஊரிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை.

* வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் மரக்குடிலையே எடுங்கள், அதில் தப்பில்லை.

* எங்கே தங்கினாலும், யாருக்கு என்ன வேலை என்று புறப்படும் முன்பே ஓர் அட்டையில் எழுதிவிடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே ஒரு வேளையாவது 'ஓய்வு' என்று இருக்கட்டும்.