கொல்லிமலையை இடப்பக்கம் வைத்து

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடி ஏறும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நடந்து போகிற சேலத்துக்காரர்கள் பத்து நாள் முன்னதாகவே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியாக வேண்டும். நாமக்கல், முசிறி, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் நான் இப்போது இருக்கிற ஊரில் ஆகஸ்ட் இதமான மாதம். எனக்கு மட்டும் அதன் பின்பாதியில் இருப்புக்கொள்ளாது. இந்நேரம் மல்லூர் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று மூன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கூட்டி மணி பார்த்துக்கொண்டிருப்பேன். ஊர் ஞாபகம் சிலருக்குச் சாப்பாட்டில் வரும், சிலருக்கு மழை வாசனையில் வரும். எனக்குக் காலில் வருகிறது.

நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தில் விடியுமுன் கூடுவோம். சாமியார் தீர்த்தம் தெளித்து, சப்பரத்தையும் எங்களையும் மந்திரித்து அனுப்புவார். காவி உடை, கழுத்தில் ஜெபமாலை, பெரும்பாலும் வெறுங்கால். சப்பரத்தில் மாதா சுரூபம், அதைச் சுற்றிச் சீரியல் விளக்கு, அதற்கென்று ஒரு பேட்டரி. அரிசி மூட்டை, அண்டா, பாய், தண்ணீர் கேன் எல்லாம் குட்டி யானை வண்டியில் பின்னால் வரும். கிழக்கு வெளுக்கும்போது சீலநாயக்கன்பட்டி தாண்டியிருப்போம்.

திருப்பயணம் என்றதும் எல்லோரும் கடற்கரைக் கோயிலைத்தான் நினைக்கிறார்கள். எனக்கோ அது முதல் இரண்டு நாளில், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கிடக்கிற ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில்தான் இருக்கிறது. பார்க்க அழகான வழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்குவழிச் சாலை; அதை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போய்விட்டன. இருபக்கமும் மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, சேகோ ஆலையின் புளித்த வாடை. லாரிகள் உரசிக்கொண்டு போகும். அதனால் சப்பரத்துக்கு முன்னும் பின்னும் ஆள் நின்று டார்ச் காட்டுவார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டாமல் யாரையும் இருட்டில் நடக்க விட மாட்டார்கள். பாதயாத்திரை போனவர்கள் மேல் வண்டி ஏறிய செய்தி வராத வருஷம் இல்லை. பதினோரு மணிக்குத் தார் கொதிக்கத் தொடங்கும்போது ஏதாவதொரு கோயில் கூடத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ ஒதுங்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்புவோம்.

அந்த இரண்டு நாளில்தான் கொப்புளம் வரும். வலி வந்த பிறகுதான் பேச்சு வரும். அதுவரை ஒவ்வொருவரும் அவரவர் வேண்டுதலோடு வந்த தனி ஆள். பிள்ளை வரம் கேட்டு வந்தவர், கடன் அடைந்ததற்கு நன்றி சொல்ல வந்தவர், கணவரின் குடியை நிறுத்தச் சொல்லி மூன்றாவது முறையாக வந்தவர். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் ஒருவர் காலை இன்னொருவர் மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தை வடிப்பார். நூலை உள்ளேயே விட்டுவிட்டால் நீர் தானாக இறங்கிவிடும். எங்கள் குழுவில் ஒரு ஆயா இருந்தார். “உங்கால குடு கண்ணு, கூச்சப்படாத” என்பார். பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதன் பொருள் எனக்குப் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி பட்டறை வாசலில்தான் விளங்கியது.

அங்கேதான் விடியும். இடப்பக்கம் கொல்லிமலை முழுசாக, நீண்டு, கருநீலமாகக் கிடக்கும். அதன் முதுகிலிருந்து சூரியன் வரும்போது ஜெபமாலையில் இரண்டாவது காரணிக்கத்துக்கு வந்திருப்போம். மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியை முன்னால் போகிறவர்கள் சொல்ல, பின்பாதியைப் பின்னால் வருகிறவர்கள் வாங்கிச் சொல்லி முடிப்பார்கள். வரிசை நீளமானால் குரல் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். மூச்சு வாங்கி ஒருவர் நிறுத்தினாலும் ஜெபம் நிற்காது. அடுத்தவர் குரலில் போய்க்கொண்டிருக்கும். எனக்கு விசுவாசம் வற்றிப்போயிருந்த ஒரு வருஷம், வாய் திறக்காமலே நாமக்கல் வரை நடந்தேன். என் பங்கையும் சேர்த்து அவர்கள் சொன்னார்கள். இங்கே என் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன். சொல்லி முடித்தாலும் பாதிதான் சொன்னதுபோல் இருக்கிறது.

கடவுள் எங்கும் இருக்கிறார், கால்நடையாகப் போய்த்தான் பார்க்க வேண்டுமா என்று எங்கள் பங்கிலேயே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் திருப்பாடல்களில் 120 முதல் 134 வரை பதினைந்து பாடல்கள் எருசலேமுக்கு ஏறிப்போனவர்களுடைய பாடல்கள். எம்மாவுக்குப் போன இரண்டு சீடர்களோடு ஆண்டவர் சேர்ந்துகொண்டதும் நடுவழியில்தான். கால் நகரும்போது மனசு திறக்கும் என்பது விவிலியத்துக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

எங்கள் மண்ணுக்கும் தெரியும். எடப்பாடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி போகிற காவடிக் கூட்டத்தைப் பார்க்காமல் சேலம் மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. காவி, விரதம், மாலை, வெறுங்கால் எல்லாம் நாங்கள் அந்த அண்டைவீட்டாரிடமிருந்து கற்றவை. கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்வதில் எனக்குப் பெருமைதான். காவி உடுத்து இந்த வழியில் நற்செய்தி சொல்லிவந்த முதல் ஆளும் ஒரு வெளிநாட்டுக்காரர்தான். தத்துவ போதகர் என்று நாம் அழைக்கிற ராபர்ட் தே நொபிலி 1623இல் மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார். சேலம் மறைமாவட்டம் உருவானதோ 1930இல். அவர் வந்த திசைக்கு எதிராக நாங்கள் போகிறோம் என்ற நினைப்பு நாமக்கல்லைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வரும். சேந்தமங்கலம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

தொட்டியம் வந்ததும் காவிரியும் வாழைத்தோட்டமும் வந்துவிடும். மேட்டூரில், அதாவது எங்கள் மாவட்டத்தில், திறந்துவிட்ட தண்ணீர் வலப்பக்கம் ஓடிவரும். முசிறி, குணசீலம், நம்பர் ஒன் டோல்கேட் வரை அது துணை. தஞ்சாவூர் தாண்டி நீடாமங்கலத்தில் அதே தண்ணீரை வெண்ணாறாகப் பார்க்கும்போது, சொந்தக்காரரை வெளியூரில் பார்த்ததுபோல ஒரு சந்தோஷம் வரும். சேலத்துப் பெண்கள் அதில் இறங்கி முகம் கழுவாமல் வர மாட்டார்கள். டெல்டாவில் ஊருக்கு ஊர் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். மோர் விற்ற கால் ஊனமான பையனுக்கு மாதா காட்சி தந்து நடக்க வைத்தார் என்பது வேளாங்கண்ணியின் பழங்கதை. அதைக் கேள்விப்படாத ஒரு இந்துக் குடும்பம் சொம்போடு வாசலில் நின்று, “குடிச்சிட்டுப் போங்க, எங்களுக்கும் வேண்டிக்குங்க” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நடக்கிறவர்களிலும் பாதிப் பேர் ஞானஸ்நானம் பெறாதவர்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

வேளாங்கண்ணியைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பசிலிக்காவாக உயர்த்திய அந்த வெள்ளைக் கோயிலை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கோபுரம் தெரிந்ததும் எங்கள் கூட்டம் “மரியே வாழ்க” என்று கத்தும், அழும், மணலில் முழந்தாளிடும். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் சிதறிவிடும். ஒருவர் முடி கொடுக்கப் போவார், ஒருவர் மெழுகுவர்த்தி வாங்க, ஒருவர் பஸ் டிக்கெட்டுக்கு. பத்து நாள் என் கூடவே மூச்சுவிட்டவர்களைக் கூட்டத்தில் தேடிக்கொண்டு நிற்பேன். வந்துசேர்ந்த நாள்தான் எனக்கு எப்போதும் துக்கமான நாள்.

இங்கேயும் ஒரு மாதா ஊர் இருக்கிறது. நெதர்லாந்து எல்லையோரம் கேவலார். 1642 முதல் ஒரு சின்ன மாதா படத்தை வைத்து வணங்குகிறார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு சனிக்கிழமை ஐரோப்பாத் தமிழர்கள், பெரும்பாலும் ஈழத்தவர்கள், ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். சைவர்களும் வருகிறார்கள். பட்டுப்புடவையும் தமிழ்ப் பூசையும் கண்ணை நிறைக்கும். போரில் எல்லாம் இழந்து வந்தவர்களின் மன்றாட்டு அது, அதன் கனம் தனி. போகாமல் இருக்க மாட்டேன். ஆனால் காரில் போய் இறங்குகிறோம், மாலையில் காரில் திரும்புகிறோம். காலில் தூசி இல்லை. அந்த வட்டாரத்து ஜெர்மன் பங்குகளிலிருந்து சிலுவை தூக்கி நடந்தே வரும் குழுக்களைப் பார்க்கும்போது ஓடிப்போய் அந்த வரிசையில் நின்றுகொள்ளத் தோன்றும்.

போன வாரம் எங்கள் குழுவை நடத்துகிற அண்ணனோடு போனில் பேசினேன். ஆயா இப்போது நடப்பதில்லையாம், குட்டி யானையில் உட்கார்ந்து வருகிறாராம். அடுத்த வருஷம் விடுப்புக் குறைவாகத்தான் கிடைக்கும், நேரே திருச்சிக்கு வந்து சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். “அதெல்லாம் ஆவாது. நாலு ரோட்டுலருந்து வா. நாமக்கல் வரைக்கும் நடந்துட்டு ஊட்டுக்குப் போனாலும் சரி” என்றார். சரிங்கண்ணா என்றேன். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.