சுரமண்டலம் ஓய்ந்த பிறகு



சென்ற வாரம் என் மகள் தன் கைப்பேசியில் ஓர் இசை நிகழ்ச்சியின் பதிவைக் காட்டினாள். 2019 டிசம்பர் 5 அன்று சுவீடனில், ஸ்டாக்ஹோமை அடுத்த ஃபிரெண்ட்ஸ் அரங்கில் நடைபெற்றது அது. 50,000க்கும் மேற்பட்டோர் நேரில் கூடியிருந்தனர்; இணைய நேரலையில் இன்னும் அநேகர் கண்டனர். அலோ பிளாக், ரீட்டா ஓரா, ஆடம் லாம்பர்ட் முதலியோர் ஒருவர்பின் ஒருவராக வந்து பாடினார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த இளைஞர் மட்டும் அங்கே இல்லை.

அவர் பெயர் டிம் பெர்க்லிங். உலகம் அவரை அவீச்சி என்று அறியும். இளவயதிலேயே பெரும்புகழ் பெற்றார். ஓயாத பயணங்களால் களைத்து, 2016இல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்தினார். 2018 ஏப்ரல் 20 அன்று, 28ஆம் வயதில் மரித்தார். அவருடைய பெற்றோர் தங்கள் துயரத்தை வீட்டுக்குள் பூட்டிவைக்கவில்லை. மகனின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவி, இளையோரின் மனநலத்துக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் உழைக்க முன்வந்தார்கள். அந்த இசை நிகழ்ச்சியும் இப்பணிக்காகவே நடத்தப்பட்டது.

அதைக் கண்டபோது 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. தாவீது சுரமண்டலம் வாசிக்க, சவுல் ஆறுதலடைந்தான். இதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆயினும் 18ஆம் அதிகாரத்தில், அதே தாவீது வாசித்துக்கொண்டிருக்கையில், சவுலின் கையில் ஈட்டி இருந்தது. இசை சிறிது நேரம் இளைப்பாறுதல் தரும். அது ஓய்ந்த பிறகு அருகில் அமர மனிதர் வேண்டும்.

இதை நான் தாமதமாகவே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் சபையில் கீபோர்டு வாசித்த வாலிபன் ஒருவன் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தான். “ஐயா, இரவில் உறக்கம் வருவதில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை” என்றான். வாசலில் வேறு சிலர் எனக்காகக் காத்திருந்தனர். “விசுவாசத்தோடே ஜெபி தம்பி, எல்லாம் சரியாகும்” என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறும் அவன் அழகாக வாசித்தான்; நலமாயிருக்கிறான் என்றே எண்ணிக்கொண்டேன். இரண்டு மாதங்கள் கழித்து அவன் தாய் அழுதுகொண்டு வந்தபோதுதான், அவன் எவ்வளவு ஆழத்தில் அமிழ்ந்திருந்தான் என்பது எனக்கு விளங்கிற்று. தேவகிருபையாலும் மனநல மருத்துவரின் சிகிச்சையாலும் இன்று சுகமாயிருக்கிறான். அவன் அனுமதியோடே இதை எழுதுகிறேன். வாரந்தோறும் அவன் வாசிப்பைக் கேட்ட நான், அவனைக் கேட்கவில்லை.

சூரைச்செடியின் கீழ்ச் சாவை விரும்பிப் படுத்திருந்த எலியாவைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறங்கவிட்டார்; பின்பு அப்பமும் தண்ணீரும் தந்தார். ஊழியத்தைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகே வந்தது. நானோ பிரசங்கத்திலிருந்து தொடங்கினேன்.

அன்பானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டிலோ சபையிலோ உள்ள ஓர் இளையவரிடம், “உண்மையில் எப்படி இருக்கிறாய்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திராதீர்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள். இதை வாசிக்கும் நீங்களே அந்தப் பாரத்தைச் சுமப்பவரானால், இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நொறுங்குண்டவர்களுக்குச் சமீபமாயிருக்கிற கர்த்தர், நம்மையும் அவர்களுக்குச் சமீபமாக்குவாராக. ஆமென்.