செக்டரும் காலனியும்

சண்டிகருக்கு வந்த முதல் வாரம். பேருந்தின் படியில் நின்றபடி நடத்துநர் 'பாயி, பாயி' என்று கூவிக்கொண்டிருந்தார். பஞ்சாபின் மால்வா வட்டாரத்தில் அண்ணனையும் தோழனையும் அப்படித்தான் விளிப்பார்கள் என்று முதுகலை வகுப்பில் படித்திருந்தேன். யாரையோ அழைக்கிறார் போலும் என்று எண்ணி நின்றேன், பேருந்து புறப்பட்டுவிட்டது. பஞ்சாபியில் இருபத்திரண்டுக்கும் 'பாயி' என்றே பெயர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவர் கூவியது இருபத்திரண்டாம் செக்டரை. நான் போகவேண்டியிருந்த இடமும் அதுதான்.

எண்களால் பெயரிடப்பட்ட நகரில் எண்கள் எவ்வாறு சொற்களாகின்றன என்பதைக் கவனிப்பது அதன்பின் என் பொழுதுபோக்காயிற்று. 'சதாரா' என்றால் பதினேழு மட்டுமல்ல. கடைவீதியும் மாலை நேரத்து உலாவும். பானை வடிவச் சின்னம் நிற்கும் சாலைச் சந்திப்பு 'மட்கா சௌக்'. இந்த ஆர்வத்தில் ஒரு சொல்லை மட்டும் நெடுநாள் கவனிக்கத் தவறினேன். அது 'காலனி'.

1947 பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகராக எழுந்தது சண்டிகர். ஆல்பர்ட் மேயரும் மேத்யூ நோவிட்ஸ்கியும் தொடங்கிய திட்டம், 1950இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்தபின், லெ கார்புசியேயின் கைக்கு வந்தது. 800 மீட்டருக்கு 1200 மீட்டர் அளவிலான செக்டர். அதற்குள்ளேயே பள்ளி, கடை, பூங்கா. சாலைகளை ஏழு வகையாகப் பிரித்தார். விரைவு வண்டிகள் ஓடும் சாலையை நோக்கி எந்த வீட்டு வாசலும் திறக்கக்கூடாது என்பது விதி. முதற்கட்டத்தில் 1.5 லட்சம் பேர், நிறைவில் 5 லட்சம் பேர் என்பது கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 10,55,450 பேர்.

நெரிசலுக்குக் காரணம் இந்தப் பெருக்கம் மட்டுமே என்று சொல்லிவிடலாம். ஆனால் சிக்கல் திட்டத்திற்குள்ளேயும் இருக்கிறது. அன்றாடத் தேவைகள் நடக்கும் தொலைவில் அமைந்தன. வேலை அப்படி அமையவில்லை. தலைமைச் செயலகம் வடக்கே, தொழிற்பேட்டை கிழக்கே, அலுவலகங்களும் கடைகளும் நடுவே. ஆகவே காலையில் எல்லோரும் நகரைக் குறுக்காகக் கடக்க வேண்டும். தாழ்ந்த கட்டடங்களும் பரந்த தோட்டங்களும் கொண்ட வடபகுதி செக்டர்களில், ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி வாழ்வோரே மிகச் சிலர். பயணிகள் குறைந்தால் பேருந்து குறையும். பேருந்து குறைந்தால் வீட்டுக்கு ஒரு கார் இரண்டாகும். குழந்தைகள் ஓடியாட வகுத்த உட்சாலைகளில் இன்று கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

அப்போது நான் இருபத்தொன்பதாம் செக்டரில் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கே எங்களுக்குச் சமைத்துத் தந்தவரைச் 'சாச்சி' என்றழைப்போம். கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். என்னை 'பிட்டியா' என்பார். தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த நான்காம் எண் காலனியிலிருந்து நடந்தே வருவார். காலை ஆறரைக்கெல்லாம் அடுப்பு எரியத் தொடங்கிவிடும்.

செக்டருக்கு எண் உண்டு. காலனிக்கும் எண் உண்டு. ஒன்று வரைபடத்தில் பிறந்த எண். மற்றது வரைபடத்தில் இடமில்லாதவர்களுக்கு வைத்த எண். நகரைக் கட்ட வந்த தொழிலாளர்கள் தங்குவதற்கு அந்தத் திட்டத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதை மது சரின் 1982இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் ஊரில் 'காலனி' என்ற சொல் எவர் குடியிருப்பைக் குறிக்கும் என்பதைத் தமிழ் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல்தான் அறிவித்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முற்றிலும் வேறொரு வரலாற்றில், அதே சொல் ஏறக்குறைய அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

2022 மே முதல் நாள் நான்காம் எண் காலனி இடிக்கப்பட்டது. சாச்சிக்கு மலோயாவில் அடுக்ககக் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. 'மழை ஒழுகாது பிட்டியா, கதவைப் பூட்டலாம்' என்று சொல்லி மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி உண்மையானது; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலனி இருந்தது நகரின் கிழக்கு ஓரம். மலோயா இருப்பது மேற்கு ஓரம். நடந்து வந்தவர் இரண்டு வண்டி மாறி வரவேண்டியதாயிற்று. ஆறரை ஏழரையானது, பின்பு எட்டானது. ஆறாவது வாரம் வீட்டுக்காரர் அருகிலிருந்து வேறொருவரை அமர்த்திக்கொண்டார். எனக்கு ஒன்பது மணிக்குக் கருத்தரங்கு இருந்தது. தாமதம் குறித்து முதலில் முறையிட்டவர்களில் நானும் ஒருத்தி.

வாடகை உயர்ந்தபோது, அடுத்த ஆண்டு, நானும் வெளியேறினேன். இப்போது வசிப்பது சீரக்பூரில். பஞ்சாப் மாநில எல்லைக்குள் வானுயர வளர்ந்து நிற்கும் அடுக்ககம் ஒன்றில். முதற்கட்ட செக்டர்களில் வீடுகளைத் தளம்தளமாகப் பிரித்து அடுக்ககங்களாக்குவதை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மரபைக் காக்கும் அந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே இடமில்லாதபோது வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. மொகாலிக்கும் பஞ்ச்குலாவுக்கும் சீரக்பூருக்கும் நகர்ந்துவிடுகிறது. அங்கு உறங்கி இங்கு உழைப்பவர்கள் நாள்தோறும் இருமுறை எல்லை கடக்கிறோம். ஒன்றியப் பகுதி, பஞ்சாப், ஹரியானா என மூன்று நிர்வாகங்கள், சாலை ஒன்றே. மெட்ரோ பற்றிய பேச்சு பத்தாண்டுகளுக்கும் மேலாக நீள்கிறது.

நகரத்தைப் பாதுகாப்பது எப்படி என்ற விவாதம் இங்கு எப்போதும் உண்டு. அந்த விவாதத்தில் காலை ஆறரை மணிக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவர் எங்கிருந்து, எதில் ஏறி வருவார் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கருத்தரங்க அறையில் 'திட்டமிட்ட நகரம்' என்று நான் எளிதாகச் சொன்ன நாட்கள் உண்டு. இப்போது அத்தொடரைச் சொல்லுமுன் ஒரு கணம் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்று காலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, கருத்தரங்கிற்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வாளருக்கு அந்தச் சலுகை உண்டு.